அந்தமான் பாக்கேஜ்: எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது

வியாசர்பாடிக்கு அந்தமான் இப்போது எட்டாத ஊர் இல்லை. திருப்பதி, வேளாங்கண்ணி, ஏற்காடு என்று நின்றிருந்த குடும்பச் சுற்றுலா, சீட்டு எடுத்த கையோடு கடல் தாண்டத் தொடங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த பிள்ளை அப்பா அம்மாவை ஒரு தடவையாவது விமானத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நினைத்தால், முதலில் கைக்கு வருவது அந்த ‘ஐந்து இரவு, ஆறு பகல்’ தாள்தான். முல்லை நகரில் விசாரித்தாலும் பெரம்பூரில் விசாரித்தாலும் தாளில் உள்ள பெயர்கள் மாறுவதில்லை: செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாரடாங். இவற்றில் சிலவற்றுக்கு அரசு வேறு பெயர் வைத்துவிட்டது. 2018இல் ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வந்தது. ஹேவ்லாக் சுவராஜ் த்வீப் ஆனது, நீல் ஷாஹீத் த்வீப் ஆனது. 2024இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஏஜெண்டும் ஆட்டோக்காரரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தத் தாளைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன். நான்கு பேர் விமானத்தில் போய்த் தங்கித் திரும்ப, சிக்கனமாகப் பார்த்தாலும் ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு அது ஒரு வருடத்துச் சேமிப்பு. அப்படிப்பட்ட பணத்தை வாங்கிக்கொள்ளும் பயணத்தைக் கறாராகத்தான் பார்க்க வேண்டும். இடம் அழகாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அந்தமானில் அழகில்லாத மூலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நமக்குத் தெரியாத எதையாவது அந்த இடம் காட்டுகிறதா, நாம் போவதால் அங்கிருக்கும் மனிதருக்கோ உயிருக்கோ கேடு வருகிறதா, இந்த இரண்டையும்தான் கேட்கிறேன். இரண்டாவது கேள்வியில் தோற்ற இடத்தை முதல் கேள்வி காப்பாற்ற முடியாது.

கப்பலா, விமானமா என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியாக சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் இரண்டரை நாளிலிருந்து மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் தினமும் கிடையாது, தேதியும் தள்ளிப்போகும். எண்ணி விடுப்பு வாங்கியவர்களும் வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களும் விமானத்திலேயே போகட்டும். விடுப்பு கையில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் வேறு மாதிரி சொல்வேன்: போகும்போதாவது பங்க் வகுப்பில் கப்பலில் போங்கள். 1960களில் பர்மாவை விட்டு வந்தவர்களில் பலருக்கு வியாசர்பாடியில்தான் குடியிருப்பு கிடைத்தது. நம் தெருக்களில் இன்றும் அத்தோ கிளறுகிற குடும்பங்களின் பாட்டிமார் இதே வங்கக் கடலைக் கப்பலில் கடந்து வந்தவர்கள். நாள் முழுக்கக் கரையே தெரியாத நீரைப் பார்த்தால்தான், அவர்கள் எதைத் தாண்டி வந்தார்கள் என்பது பேரனுக்குப் புரியும். எந்த பாக்கேஜிலும் இது இல்லை.

செல்லுலார் சிறையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. அந்தமானுக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போக முடியும் என்றாலும் அந்த நாளை இங்கே கழிக்கலாம். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு திசையில் ஏழு நீண்ட கட்டடங்கள், கிட்டத்தட்ட 700 தனிக் கொட்டடிகள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்தே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது, சைகை காட்டக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புத்தகத்தில் படித்தால் இது ஒரு தகவல். கொட்டடிக்குள் நின்று, மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஒற்றைக் காற்றுத் துளையை அண்ணாந்து பார்க்கும்போதுதான் கொடுமை உடம்பில் ஏறும். மனிதரைத் தனிமையால் உடைக்க ஒரு அரசு செங்கல் செங்கலாகக் கணக்குப் போட்டிருக்கிறது. அந்தச் செங்கல் வந்ததும் பர்மாவிலிருந்துதான்.

எஞ்சியிருப்பது மூன்று கட்டடங்கள். மற்றவை ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் இடிந்து போயின, இடிக்கவும் பட்டன. அந்த வளாகத்திலேயே கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை எழுந்தது. சிறை இருந்த மண்ணில் நோயாளிகள் வரிசையில் நிற்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்த இடத்துக்கு நடந்த நல்ல காரியமாகவே படுகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியை எல்லா ஏஜெண்டும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். வளாகத்து அரசமரம் கதை சொல்வதாக அமைத்த காட்சி அது. குரல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தீவுவாசிகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ் என்று 2011 கணக்கெடுப்பு சொல்கிறது. அபர்தீன் பஜாரில் பாதி பேரம் தமிழில் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் நம் பாட்டிகள் விளக்கு வெளிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, கதை சில பெயர்களைச் சுற்றியே நிற்பது. 1921 எழுச்சிக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளை விவசாயிகள், பர்மியக் கலகக்காரர்கள், 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டப்பட்டு இறந்த மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகியோருக்குக் கிடைப்பது போதவில்லை. என் முடிவு: பகலில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிச் சிறையைச் சுற்றுங்கள், அங்குள்ள காட்சிக்கூடத்தைப் படித்துப் பாருங்கள். மாலைக் காட்சியை இந்தி புரிகிறவர்கள் பார்க்கட்டும். புரியாதவர்கள் அந்தப் பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம்.

ராஸ் தீவும் தேறுகிறது. 1941 வரை ஆங்கிலேய நிர்வாகம் உட்கார்ந்திருந்த சின்னத் தீவு. பேக்கரி, தேவாலயம், நடன மண்டபம் எல்லாவற்றையும் இன்று மரவேர்கள் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கின்றன. அந்த ஆண்டு ஜூனில் வந்த நிலநடுக்கமும் அடுத்த ஆண்டு வந்த ஜப்பானியரும் அந்த ஆடம்பரத்தை முடித்துவைத்தார்கள். எதிர்க்கரையில் கைதிகள் செக்கு இழுக்கும்போது இங்கே நடனம் நடந்தது. சிறையைப் பார்த்த அதே நாளில் இதையும் பார்த்தால் ஒரு வரலாறு முழுசாகக் கிடைக்கிறது. தனித்தனி நாளில் போட்டால் இரண்டும் பாதிப் பொருள் இழக்கின்றன.

தாளில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்கிறேன். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை. 1942இல் விழுந்த குண்டின் பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது. படாக் மரத்தின் சிவப்பு, வட்ட ரம்பம், கட்டைகள் நகரும் தடம் என்று எந்திரத்தோடு பழகியவர்கள் ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம். பின்னி மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் பகுதி நம்முடையது. கடற்கரையைத் தவிர வேறெதிலும் நமக்கு ஆர்வம் இருக்காது என்று ஏஜெண்டுகள் எப்படி முடிவு செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

இனி கடல். பாக்கேஜில் பணம் அதிகம் கரைவதும் தரம் அதிகம் ஏறி இறங்குவதும் இங்கேதான். நார்த் பே கரையின் கலங்கரை விளக்கம் பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் வந்தது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். இறங்கியதும் கண்ணாடி அடித்தளப் படகு, சீ வாக், ஸ்கூபா, ஜெட் ஸ்கி, பாராசெய்லிங் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் இழுப்பார்கள். நகரத்துக்கு அருகில், பவளப்பாறைக்கு மேலேயே இவ்வளவு நெரிசல். பவளம் கல் இல்லை. கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிரினங்கள் சேர்ந்து, ஒரு வருடத்தில் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான் கட்டி எழுப்பும் உயிர்க்கூடு. கடல்நீர் சூடேறினால் அதற்குள் வாழ்ந்து உணவும் நிறமும் தரும் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 2010 கோடையில் அந்தமானில் அது பெருமளவில் நடந்தது. அப்படி அடிபட்டு மீளப் பார்க்கும் பாறைமேல் நாள் முழுக்கப் படகின் விசிறி கிளப்பும் மணலும், நங்கூரமும், மனிதக் காலும் விழுகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், பவளம் இருக்கிறது. ஆனால் புலியை மிதித்துக்கொண்டு போட்டோ எடுக்க யாரும் டிக்கெட் தருவதில்லை.

எனவே சீ வாக் வேண்டாம் என்பேன். கனமான தலைக்கவசத்தை மாட்டி, மேலிருந்து குழாயில் காற்று அனுப்பி, ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் நடக்கவைக்கிறார்கள். நடக்கிற இடத்தில் எதுவும் வளராது. மீனுக்குத் தீனி போட்டுக் கூட்டிவந்து காட்டுவதும் உண்டு. அதனால் மீன்களின் பழக்கமே மாறிப்போகிறது. ஜெட் ஸ்கி, பாராசெய்லிங் இரண்டையும் கோவாவிலும் செய்யலாம், கோவளத்திலும் செய்யலாம். அந்தமானுக்கு வந்து செய்ய அவற்றில் ஒன்றுமில்லை. கண்ணாடி அடித்தளப் படகை மட்டும் முற்றாகத் தள்ள எனக்கு மனமில்லை. மூட்டுவலியுள்ள அம்மாவும் தண்ணீர் பயமுள்ள அத்தையும் பவளத்தைப் பார்க்க அதைவிட்டால் வழி இல்லை. ஆனால் அதை நார்த் பேயில் ஏறாமல் வண்டூரில் ஏறுங்கள். அங்கே 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரு தீவுகளில் ஒன்றைத் திறந்து மற்றதை மூடி, பாதிப் பாதி ஆண்டு மாற்றி மாற்றி ஓய்வு கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கை ஏறும்போதே பறித்துக்கொள்கிறார்கள். அந்தமான் சுற்றுலாவில் நான் பார்த்த வரையில், இடத்துக்கு ஓய்வு தேவை என்று ஒப்புக்கொண்டு நடத்தப்படும் ஏற்பாடு இது. பாக்கேஜ்காரர்கள் இதைச் சேர்க்காததற்குக் காரணம் எளிது: அனுமதி வாங்க வேண்டும், ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

ஸ்கூபாவைப் பற்றி நம் பகுதியில் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, நீச்சல் தெரிந்தால்தான் முடியும் என்பது. முதன்முறை இறங்குகிறவர்களுக்கு நீச்சல் தேவையில்லை. பயிற்றுநர் பின்னாலிருந்து பிடித்தபடியே ஆழம் குறைந்த இடத்தில் அரை மணி நேரத்துக்குள் சுற்றிக் காட்டிவிடுவார். அந்த அரை மணிக்குக் கேட்கும் சில ஆயிரம் ரூபாய், மொத்தப் பயணத்திலும் மிக நியாயமான செலவு என்று தயங்காமல் சொல்வேன். காரணம் என் முதல் கேள்விதான். எண்ணூர் கழிமுகத்தின் சாம்பல் நிற நீரையும், கேப்டன் காட்டன் கால்வாயையும், பக்கிங்காம் கால்வாயையும் நீர் என்று பார்த்து வளர்ந்த கண், அடியில் இருக்கும் மணலின் வரி தெரிகிற கடலுக்குள் இறங்கும்போது கற்றுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. கடல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பதை வேறு எந்தப் பேச்சும் அவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது. இரண்டாவது தவறான எண்ணம், யாரும் இறங்கலாம் என்பது. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, காதில் சீழ் உள்ளவர்கள் இறங்கக்கூடாது. உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதச் சொல்லும் கடையில் பணம் கட்டாதீர்கள். இறங்கி ஒரு நாளாவது கழித்து விமானம் ஏறுவது பாதுகாப்பு. ஏஜெண்டின் அட்டவணையில் ஸ்கூபா கடைசி நாளில் இருந்தால் முன்னால் தள்ளச் சொல்லுங்கள்.

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு தங்கவேண்டும். பாக்கேஜ்கள் ஒன்றுதான் தருகின்றன. ராதாநகர் கடற்கரையை 2004இல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அந்தப் புகழை அது இன்னும் சம்பாதிக்கிறது. அங்கே நம்மவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வியப்பு உண்டு. காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம், கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாது. ராதாநகர் மேற்குக் கரை. வாழ்நாளெல்லாம் கிழக்குக் கடலையே பார்த்த பெரியவர்களுக்கு, சூரியன் தண்ணீருக்குள் போவது புதுக் காட்சி. ஆனால் கணக்கு தவறக்கூடாது. அந்தமான் நமக்குப் பன்னிரண்டு பாகை கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதேதான். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். நம் ஊர்ப் பழக்கத்தில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நான்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து, மதியத்துக்குள் பாதி நாளை முடித்துவிடுகிறவர்களுக்குத்தான் அந்தமான் முழுசாகக் கிடைக்கும். ஆலை ஷிப்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதில் கஷ்டம் இருக்காது.

நீல் தீவு சின்னது, அமைதியானது. லட்சுமண்பூர் பக்கம் நீரிறங்கும் நேரத்தில் போனால் கல்பாலத்தின் அடியில் தேங்கிய குட்டைகளில் நட்சத்திரமீன், கடல் வெள்ளரி, குட்டி நண்டு எல்லாம் செலவில்லாமல் தெரியும். நீரேறும் நேரத்தில் கூட்டிப்போனால் வெறும் பாறைதான். ஓத நேரம் பார்க்காமல் போடும் அட்டவணை, காசு வாங்கிக்கொண்டு கதவு மூடிய கடைக்குக் கூட்டிப்போவதற்குச் சமம்.

பாரடாங்குக்கு வருவதற்கு முன் பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 2014 ஜனவரி 26 அன்று, ராஸ் தீவு, நார்த் பே பக்கத்தில், அளவுக்கு மேல் ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போனவர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2011 கிறிஸ்துமஸ் அன்று, நமக்குப் பக்கத்துப் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு விபத்துக்கும் பிறகு விதிகள் இறுகின என்பது உண்மை. ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பூட்டாமல் தோளில் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பதை எந்த விதியும் தடுக்காது. உங்கள் பிள்ளையின் வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருப்பதைப் படித்து எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் இறங்கிவிடுங்கள். சங்கடப்படத் தேவையில்லை. வண்டூர், ராதாநகர் பக்கங்களில் உப்புநீர் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு. 2010இல் ஹேவ்லாக்கில் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்க வேண்டாம்.

பாரடாங் பற்றி எனக்குச் சமரசம் கிடையாது. தாளில் இருப்பது ‘சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை’. விடிவதற்கு முன்பே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, காவல்துறைப் பாதுகாப்போடு கான்வாயாகக் காட்டுக்குள் போகவேண்டும். அந்தக் காடு ஜாரவாக்களின் காப்பகம். சுமார் நானூறு பேர் கொண்ட பழங்குடி. 1998க்குப் பிறகுதான் வெளியாரோடு இணக்கமாகப் பழகத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவியது. தட்டம்மை அந்தமானில் என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், 1877 தட்டம்மைக்கும் அதன்பின் வந்த நோய்களுக்கும் பலியாகி, இன்று ஐம்பது பேர் அளவில் நிற்கிறார்கள். காப்பகத்தின் ஊடே போகும் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. 2012இல், பயணிகள் முன்னால் ஜாரவாப் பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொளி வெளிவந்து உலகமே பார்த்தது. 2013 தொடக்கத்தில் சில வாரங்கள் சுற்றுலா வண்டிகளை நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு மீண்டும் ஓடத் தொடங்கின.

மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். அந்தச் சாலை வடக்கு, நடு அந்தமான் மக்களின் உயிர்நாடி. நோயாளியும் மாணவரும் அதில்தான் வருகிறார்கள். அரசுப் பேருந்தும் அதில் ஓடுகிறது. நாம் ஒரு வண்டி போகாவிட்டால் என்ன மாறிவிடும் என்பார்கள். குகையருகே சிறு படகு ஓட்டுகிறவருக்கும் இளநீர் விற்கிறவருக்கும் நம் பணம் வேண்டும் என்பார்கள். கடைசி வாதம் எனக்கு உறைக்கிறது. அவர்களும் நம்மைப்போல அன்றாடங்காய்ச்சிகள். ஆனால் பாரடாங்குக்குக் கடல்வழி சாத்தியம். கடல்வழிப் படகுகள் பெருகினால் அவர்கள் வருமானம் கெடாது, காட்டுச்சாலையும் ஓயும். தீவுவாசி சாலையில் போவது தேவைக்கு. நாம் போவது பார்ப்பதற்கு. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குகையும் சேறும் அப்படியொன்றும் பெரிய காட்சியும் இல்லை. சேற்று எரிமலை என்பது கொப்பளிக்கும் ஒரு மண்மேடு. இதைப் பார்க்கவா ஒரு முழு நாளும் அதிகாலைத் தூக்கமும் என்று திரும்பி வருகிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் வண்டியில் ஏறும் பலரின் எதிர்பார்ப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜாரவா தெரிவாரா என்பதுதான். ஓட்டுநருக்கும் அது தெரியும்.

இதைச் சொல்லும் உரிமை வேறு யாரையும்விட வியாசர்பாடிக்கு அதிகம் என்று நம்புகிறேன். நம் பகுதியைச் சினிமா எப்படிப் பார்த்தது என்று நமக்குத் தெரியும். கத்தி, ரத்தம், குடிசை, கானா என்று வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அம்பேத்கர் கலைக்கல்லூரியில் படித்து வெளியேறிய ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிகளும், விடிகாலையில் கால்பந்து ஆடும் பிள்ளைகளும் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் ‘எந்த ஏரியா?’ என்று கேட்டு, பதில் வந்ததும் முகம் மாறுவதை அனுபவித்தவர்கள் நாம். வண்டிக்குள்ளிருந்து பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலி தெரிந்தவர்கள் காசு கொடுத்து அதே ஜன்னலுக்குப் பின்னால் உட்காரக்கூடாது. ஜாரவாக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால் போர்ட் பிளேரில் மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் படிப்பது, காட்டுச்சாலையில் பல மணி நேரம் எட்டிப்பார்ப்பதைவிட அதிகம் கற்பிக்கும்.

இவ்வளவு செலவில் அந்தமான் எதற்கு, வீட்டுக்குப் பக்கத்தில் தீவு இல்லையா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இருக்கிறது. காட்டுப்பள்ளி தீவுதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும், வடக்கே பழவேற்காடு. ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் படகு விடவும் ஓய்வெடுக்கவும் எண்ணூருக்குத்தான் போனார்கள். பிறகு அனல்மின் நிலையங்கள் வந்தன, சாம்பல் வந்தது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டமும் தயாராக இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து கழிமுகம் கருத்ததை வடசென்னை இன்னும் மறக்கவில்லை. பழவேற்காட்டில் பூநாரையும் டச்சுக் கல்லறையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும், பிள்ளைகளுக்குப் படகில் உட்காரும் பழக்கமும் வரும். ஆனால் அந்தமானுக்கு அது மாற்று இல்லை. பவளத்தை அங்கே பார்க்க முடியாது.

மறுபடியும் அந்தமான் நிக்கோபார் பக்கம் வருவோம். பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின்நிலையம் எல்லாம் சேர்ந்த திட்டத்துக்கு 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குள் போகிறது. தோணியாமை முட்டையிடும் கரை அது. ஷோம்பென் மக்களின் வீடும் அந்தத் தீவுதான். அந்தத் திட்டத்தை விற்கும் சொற்களில் சுற்றுலாவும் ஒன்று. துறைமுகம் வந்த பிறகு தீவு எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவில் வேறு யாரையும் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை. எண்ணூர் மீனவர்களை அழைத்தால் போதும். ஹேவ்லாக்கில் தெளிந்த நீரில் இறங்கிவிட்டு வரும் வடசென்னைக்காரருக்கு அந்தச் சாட்சியின் கனம் இரட்டிப்பாகத் தெரியும் என்பதே, இந்தப் பயணத்துக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான காரணம்.

ஆகவே போகலாம். நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், முடிந்தால் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு போகலாம். சிறையும் ராஸும் ஒரே நாளில், சாத்தமும் மானிடவியல் அருங்காட்சியகமும் ஒரு காலையில், வண்டூர் ஒரு பகல், ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஓதம் பார்த்து ஒரு நாள். கடலுக்குள் ஒரே ஒரு முறை ஸ்கூபா, இல்லையென்றால் ஸ்நார்க்கெலிங். சீ வாக்கும் ஜெட் ஸ்கியும் வேண்டாம். பாரடாங்கை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த நாளுக்கு சிடியா டாபுவில் காட்டு நடையும் மாலையும் கேளுங்கள். ‘பாக்கேஜில் மாற்ற முடியாது சார், எல்லாரும் போறாங்க’ என்று சொல்லும் ஏஜெண்டிடம் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். விமான டிக்கெட்டையும் படகு டிக்கெட்டையும் வீட்டிலிருக்கும் பிள்ளையே போனில் எடுத்துவிடும்.